ஆட்டுக்கொட்டாயில் அடித்த படம்

என் மனைவியின் மண்டைக்குள் கட்டி இருப்பதாகச் சொன்னபோது எங்கள் மகளுக்கு நாலு வயது. இப்போது மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து முக்கால்வாசிக் கட்டியை எடுத்தார்கள். மிச்சத்தைத் தொட்டால் கை கால் விழுந்துவிடுமாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்து, வளர்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் அனுப்பிவைத்தார். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். அவளைப் பார்க்கப் பயம்.

ஆறே மாதத்தில் அவள் நடவுக்குக் கிளம்பிவிட்டாள். இடது கை விரல்களில் பிடி இல்லை. நாற்று முடியை இடது முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு வலது கையால் உருவி நட்டாள். நீ வரப்பில் உட்கார் என்று முதல் நாள் சொன்ன பெண்கள், பத்தாம் நாள் அவள் வேகத்துக்கு வரிசை பிடிக்கத் திணறினார்கள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. டாக்டரும் ஒவ்வொரு வருஷமும் புதுப் படத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை போய்வா என்றார்.

நான் ஒரு அதிமேதாவி. ஆட்டுக்கொட்டாயில் ஓலை பிய்ந்து ஒழுகியது. பரண்மேல் ஸ்கேன் படங்கள் சும்மா கிடந்தன. வழவழவென்று, தண்ணீர் இறங்காத சாமான். டாக்டர் பார்த்து முடித்ததுதானே என்று ஐந்து வருஷத்துப் படத்தையும் ஓட்டைமேல் வைத்து ஆணி அடித்தேன். எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு அடிக்காத வீடு எங்கள் தெருவிலேயே கிடையாது.

ஆறாம் வருஷம் புதுப் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். கொஞ்சம் பெரிதானதுபோல் தெரிகிறது, பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், கொடுங்கள் என்றார். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்கும் வசதி அங்கே இல்லை. நம் கையில் இருக்கிற படம்தான் எல்லாம்.

"நான்தாங்க சார் தொலைச்சிட்டேன்" என்றாள் அவள்.

டாக்டர் பொரிந்து தள்ளினார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். ஊரில் வாய் கிழியப் பேசுகிற நான் பக்கத்தில் கல்லாட்டம் நின்றேன். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம், வளர்ந்திருந்தால் கத்தி வைத்தே ஆகவேண்டும், கை போனாலும் போகும் என்று முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டாய்மேல் ஏறினேன். வெயிலிலும் மழையிலும் பூச்சு உரிந்து, படமெல்லாம் வெறும் கண்ணாடித்தாளாகக் கிடந்தது. உள்ளே தொங்கிய ஓரத்தை ஆடுகள் நக்கியிருந்தன.

அந்த மூன்று மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அணையில் தண்ணீர் திறந்ததும் அவள் வழக்கம்போல நடவுக்குப் போனாள். ஒரு நாள் வழியை மறித்து, பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயந்துக்கினு குந்தினா நாத்து முத்திப் பூடும்யா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்தத் தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஸ்கேல் வைத்து அளந்தார். கட்டி வளரவே இல்லை. நான் அழுதுவிட்டேன். அந்த அழுகையோடு, படத்தைக் கெடுத்தவன் நான்தான் என்பதையும் கொட்டிவிட்டேன். அப்புறம் நீ ஏம்மா திட்டு வாங்கினாய் என்று அவளைக் கேட்டார் டாக்டர். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு படங்களையும் வாங்கி உறைக்குள் வைத்தாள்.

பஸ் விழுப்புரம் தாண்டியதும் தானாகவே சொன்னாள்.

"ஆறு வருசமா என்னை யாரும் திட்டலய்யா. நீ கூட ஒரு சத்தம் போட்டது இல்ல. சாவப் போறவள இன்னா சொல்றதுன்னு எல்லாரும் வுட்டுட்டீங்க. அவரு ஒருத்தருதான், இன்னும் இருவது வருசத்துக்கு இங்க வரணுமே, ஒழுங்கா எடுத்து வைக்கத் தெரியாதான்னு திட்டுனாரு. எனக்கு நல்லா இருந்துச்சி."

மறுநாள் காலையில், செருப்பை வாசலில் குறுக்கே விட்டதற்காக அவளைப் பிடித்துக் கத்தினேன். அவளும் சளைக்காமல் என் பரம்பரையையே இழுத்தாள். நாங்கள் சண்டை போட்டுப் பார்த்தே அறியாத மகள் மிரண்டு அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்த முடியாமல் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.