அத்தை நார்வே போய் வந்தது

என் அத்தை வேலூரில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டார் எல்லோரும் சேர்ந்து அவளை வேலூரில் ஒரு வருஷம் வேலை பார்க்க வைத்துவிட்டார்கள். பெரியப்பா முடிவு செய்தார். நைனா தலையாட்டினார், என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அம்மாவுக்கு வந்தது.

"அத்தை எங்க இருந்திச்சின்னு யாராச்சும் கேட்டா வேலூருன்னு சொல்லு. அந்த நார்வே பேச்சு வாயில வரக் கூடாது, இன்னா?"

எனக்கு அப்போது ஒன்பது வயது. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று அதுவரை மிரட்டி வந்த அம்மாதான் இதைச் சொன்னாள்.

நடந்தது இதுதான். அத்தை, நைனாவுக்குக் கடைசித் தங்கை. பத்தாவது முடித்துவிட்டுக் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாக இருந்தாள். சனிக்கிழமைதோறும் உத்திரமேரூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஏரிக்கரை மேலே நடந்து எங்கள் ஊருக்கு வருவாள். அந்த ஆஸ்பத்திரியில் நார்வே நாட்டு டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவருடைய இரட்டைக் குழந்தைகள் அத்தையின் இடுப்பை விட்டு இறங்காது. அவர் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அத்தையையும் அழைத்துப் போனார். போகட்டுமா என்று அத்தை பெரியப்பாவிடம் கேட்கவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். பெரியப்பா பாதிச் சோற்றில் எழுந்துபோனார். அத்தை அந்த வாரமே கிளம்பிவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவள் சொன்னதையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அங்கே கடல் மலைகளுக்கு நடுவே சந்து சந்தாகப் புகுந்து, நாள் முழுக்கக் கப்பலில் போனாலும் முடியாத தூரம் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக நிற்கிறது. மேலேயிருந்து விழும் அருவி பாதி வழியிலேயே காற்றில் புகையாகிப் போகிறது. அத்தை போன ரயில் ஒரு மலைக்குள் நுழையும்போது வெளியே பச்சைப் புல். மறுபக்கம் வெளியே வரும்போது இடுப்பளவு பனி. அதுவும் ஆனி மாதத்தில். கோடையில் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் அடிக்கிறது. மார்கழியில் மத்தியானமே விளக்கேற்றுகிறார்கள். வீட்டுக் கூரைமேல் புல் வளர்க்கிறார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி, அடிப்பிடித்த பால்கோவா மாதிரி இருக்கிறது. அதைச் செதில் செதிலாகச் சீவி ரொட்டிமேல் வைத்துத் தின்கிறார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு வேலூர் என்று சொல்லவேண்டும்.

காரணம், ஐயங்கார்குளத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நஞ்சை உள்ள குடும்பம், ஒரே பிள்ளை. அத்தைக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது என்று பெரியப்பா கூடத்தில் நடந்துகொண்டே பல முறை சொன்னார். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "வரட்டும்ண்ணா," என்றாள். அவ்வளவுதான். அவள் பணிந்துவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

வந்தவர்கள் நான்கைந்து பேர். மாப்பிள்ளை கறுப்பாக, உயரமாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பேசியதெல்லாம் அவருடைய அம்மாதான். அத்தை காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அந்த அம்மாள் காபியை ஆற்றியபடியே கேட்டார்.

"பொண்ணு வெளியூர்ல இருந்திச்சாமே?"

"வேலூர்லதாங்க," என்றார் பெரியப்பா. "அங்க ஆஸ்பத்திரில வேலை."

"வேலூர்தான்," என்றார் நைனா, கேட்காமலே.

அந்த அம்மாள் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "இன்னா பாப்பா, உங்க அத்தை வேலூர்லேர்ந்து உனக்கு இன்னா வாங்கினு வந்திச்சி?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் முகத்தில் சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. அந்த மலையும் ரயிலும் பனியும் எல்லாம் வேலூராகிப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை வேலூருக்கே போவல," என்றேன். "நார்வேக்குப் போச்சி. கப்பல்ல."

அம்மாவின் கை என் முதுகில் விழுவதற்குள் அத்தை கதவோரத்திலிருந்து வந்து, அந்த அம்மாளுக்கு எதிரே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் பெண் அப்படி உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"கொயந்த சொல்றது நெஜந்தாங்க. ஒரு வருசம் நார்வேல இருந்தேன்," என்றாள்.

சொல்ல ஆரம்பித்தாள். எங்களுக்குச் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். பெரியப்பா இரண்டு தடவை கனைத்தார். அவள் நிறுத்தவில்லை. அந்த மலைகளின் இடுப்பில், கடலுக்கு மேலே, கழுகுக்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வீடுகளைப் பற்றிச் சொன்னாள். டாக்டரம்மாவின் தாயார் அப்படி ஒரு வீட்டில் பிறந்தவராம். முற்றத்தைத் தாண்டினால் பள்ளம், கீழே கடல். அதனால் தவழும் குழந்தைகளை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி வைப்பார்களாம்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை, "அங்க மாடு கீதா?" என்று கேட்டார்.

"கீது."

"அம்மாம் உசரத்துக்கு மாட்ட எப்பிடி ஏத்துவாங்கோ?"

"கன்னுக்குட்டியா இருக்கறப்பவே முதுவுல கட்டினு ஏணில ஏறிடுவாங்களாம். அப்பறம் அது பெர்சாயிடும், எறங்க முடியாது. சாவற வரைக்கும் மேலயேதான்."

"நல்லதுதானே," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அதும்பாட்டுக்கு அடங்கிக் கெடக்கும்."

"எனக்கு அதக் கேட்டதும் சோறு எறங்கலைங்க," என்றாள் அத்தை.

காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார். "இவ்ளோ தூரம் போய்ட்டு வந்தவ, எங்க வூட்ல அடங்கி இருப்பியா?"

நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை முந்திக்கொண்டாள்.

"இருக்க மாட்டேங்க. வேலைக்குப் போவேன். இன்னொரு வாட்டி கூப்டா, மறுபடியும் போவேன்."

அவர்கள் எழுந்தார்கள். தட்டில் இருந்த பூ, பழம் தட்டிலேயே இருந்தது. வாசலில் எல்லோரும் செருப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை மட்டும் திரும்பி வந்து, தணிந்த குரலில் அத்தையிடம் கேட்டார்.

"அந்த மலைக்குள்ள வர்ற தண்ணி, உப்பா?"

"வாயில வச்சிப் பாத்தேன். உப்புதான்."

அவர் இன்னும் ஏதோ கேட்க நினைத்தார். அவருடைய அம்மா வண்டியிலிருந்து கூப்பிட்டார். போய்விட்டார்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று பெரியப்பா கத்தினார். அத்தை தன் துணிகளை மடித்து அடுக்கினாள். மறுநாள் காலை, ஊர் முழுக்க வெளியில் இருக்கிற நேரமாகப் பார்த்துத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் நடந்து பஸ் ஏறப் போனாள். நான் ஏரிக்கரை வரைக்கும் கூடவே போனேன். "நல்லாதான் சொன்ன," என்றாள் என்னிடம்.

எனக்கு அடி கிடைத்தது. அது பெரிதில்லை. என்னைக் கொதிக்கவைத்தது வேறு. அவர்கள் அத்தையை நம்பாமல் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அத்தை சொன்ன பனியையும் அருவியையும் கதை என்று எண்ணித்தான் எழுந்துபோனார்கள். நம்பியிருந்தால் இப்படிப்பட்ட பெண்ணை யாராவது வேண்டாம் என்பார்களா? பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் அத்தை டூப் விட்டாள் என்று சிரித்தார்கள். நான் விடுவதாக இல்லை.

அத்தை எனக்குக் கொண்டுவந்திருந்த சிவப்புக் கம்பளித் தொப்பியை, காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சித்திரை பிறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. வெயில் கொளுத்தியது.

"இன்னா கோலம் இது? கழட்டு," என்றார் வாத்தியார்.

"மாட்டேன் சார். இது நார்வே தொப்பி. அங்க ஆனி மாசத்துலயே பனி பெய்யும்."

"கழட்டலன்னா வெளிய நில்லு."

நின்றேன். கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் வியர்வை ஓடியது, தலை தீயாய் அரித்தது. மணி அடிக்கும்வரை நான் அதைத் தொடவில்லை. மறுநாளும் போட்டுக்கொண்டு போனேன், மறுநாளும் நின்றேன். வாத்தியார்தான் கடைசியில் சலித்துப்போய், போட்டுக்கொண்டே உள்ளே உட்கார் என்றார். எனக்கு அப்போது வந்த பெருமை பிறகு எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. பாதி உலகத்தை நம்ப வைத்துவிட்டதாகவும், இனி ஐயங்கார்குளத்துக்காரர்களுக்கும் செய்தி போய்ச் சேரும், திரும்பி வருவார்கள் என்றும் நினைத்தேன்.

அவர்கள் வரவில்லை. அத்தை நர்சுக்குப் படித்தாள், காஞ்சிபுரத்திலேயே வீடு பிடித்தாள், மறுபடியும் ஒரு முறை அந்த மலைகளுக்குப் போய் வந்தாள். பெரியப்பா அந்த வீட்டில் கால் வைக்க ரொம்ப வருஷம் ஆனது.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நாட்களில் ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருந்தால் அவர்கள் அத்தையை நம்பியிருப்பார்களோ என்று.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"யாருடி நம்பல? வந்த அத்தினி பேரும் நம்பினாங்கோ. அதாண்டி பேஜாரே," என்றாள்.