நாலாவது கட்டில்காரி

இங்கிலீஷில் அவளுடைய தங்கச்சி இன்னும் சாகவில்லை.

தமிழில் செத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. மஞ்சள் காமாலை. வேலைக்காக வெளியூர் போயிருந்த அக்காவுக்குச் சேதி எட்டி, பஸ் மாறி பஸ் மாறி அவள் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் சின்னவள் பேரை யாரும் எடுத்ததில்லை. அம்மா போட்டோவைப் புடவைகளுக்கு அடியில் தள்ளிப் பீரோவைப் பூட்டிவிட்டாள். "கூடப்பிறந்தவங்க எத்தனை பேரும்மா?" என்று யாராவது கேட்டால், "நான் ஒருத்திதாங்க" என்று சொல்லப் பெரியவளும் பழகிக்கொண்டாள். பழகியது வாய் மட்டும்தான்.

இப்போது அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. கட்டில் விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு இஸ்திரி போடுகிற பெரிய மெஷின். இந்தப் பக்கம் இரண்டு பேர் முனைகளை இழுத்துப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். இவள் கொடுக்கிற பக்கம். விரல் கொஞ்சம் உள்ளே போனால் தீர்ந்தது கதை. குணமாகி வீட்டுக்குப் போனவர் படுத்த விரிப்பு எது, போய்ச் சேர்ந்தவர் படுத்தது எது என்று அதில் எழுதியா ஒட்டியிருக்கிறார்கள்? வெளுத்து வந்தால் எல்லாம் ஒன்றுதான். அதை நினைக்கக் கூடாது என்றுதான் தினமும் நினைப்பாள். சாயங்காலம் அறைக்கு வரும்போது உடம்பெல்லாம் சுட்ட துணியின் வாசனை வரும். அறையில் அவளுக்குப் பெயரே இஸ்திரி என்று ஆகிவிட்டது.

அறை ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே தம்ளர்கள் நடுங்கும். நாலு இரும்புக் கட்டில், ஒரு அடுப்பு, ஒரே ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் காலையில் நடக்கும் சண்டையைத் தனியாக எழுதலாம். இருந்தது மூன்று பேர். ஒருத்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைக்காரி. பார்வை கழுகுப் பார்வை. ஆனாலும் முதலாளி சொன்னார் என்பதற்காகப் பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு திரிவாள். அவள் பெயர் கண்ணாடி. அதிகாரம் எல்லாம் அவளுடையதுதான். இன்னொருத்தி பஸ் நிலையத்தில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பவள். வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரிது. அவள் டிக்கெட்.

இங்கிலீஷ் ஆரம்பித்தது கண்ணாடியால்தான். கண் பரிசோதனை அறைக்கு மாற வேண்டுமென்றால் இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். டிக்கெட்டுக்கு வேறு காரணம். "ஜன்னல்ல வந்து இங்கிலீஷ்ல என்னமோ சொல்றாங்கக்கா. திட்றாங்களா, தேங்க்ஸ் சொல்றாங்களான்னே புரியாம பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கேன்." இஸ்திரிக்குக் காரணமே கிடையாது. இரண்டு பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்து சிரித்தால் மூன்றாமவள் இன்னொரு மூலையில் உட்கார்ந்து சுவரையா பார்ப்பாள்?

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகம். அட்டை இல்லை, முதல் பாடமும் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு குட்டிக் கதை, அதற்குப் பின்னால் பயிற்சி. ஒருத்தி காய் நறுக்க, ஒருத்தி அடுப்பைப் பார்த்துக்கொள்ள, ஒருத்தி உரக்கப் படிப்பாள். காய் நறுக்க உட்கார்ந்தது முதல் தட்டு கழுவி முடிக்கிற வரைக்கும் தமிழ் பேசக் கூடாது என்பது சட்டம். சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் அந்த நேரத்தில் அறையே ஊமையாகக் கிடக்கும். டிக்கெட் கத்தியை 'க்னைஃப்' என்று படிப்பாள். "அந்த முதல் எழுத்துக்குச் சத்தம் கிடையாதுடி" என்று கண்ணாடியே சட்டத்தை மீறித் திருத்துவாள். "வாயே திறக்காதவளுக்கு எதுக்குக்கா முன் சீட்டு?" என்பாள் டிக்கெட்.

ஒரு பாடத்தில், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று சொல்லச் சொன்னார்கள். மூவரும் ஒருத்தியைப் பற்றி ஒருத்தி சொல்லப்போய், டிக்கெட் கண்ணாடியைப் பார்த்து "அக்கா இஸ் பிகமிங் ஃபேட்" என்று சொல்ல, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை யாருக்கும். மறுநாள் கண்ணாடி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஈரத் துணி உலர்த்துவதற்கு மட்டும் உதவிக்கொண்டிருந்த நாலாவது கட்டிலைக் காட்டினாள்.

"அங்க ஒருத்தி இருக்கான்னு வெச்சுக்குவோம். அவளைப் பத்திச் சொல்லுங்க. யாருக்கும் கோவம் வராது."

டிக்கெட் அந்த இல்லாதவளுக்கு மீசை வைத்தாள். கண்ணாடி அவளைச் சமையல் செய்ய வைத்தாள். இஸ்திரியின் முறை வந்தது. அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை, சத்தியமாக இல்லை. கட்டிலைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

"ஷீ இஸ் சிட்டிங். ஹர் ஹேர் இஸ் வெட். ஷீ இஸ் ஆங்ரி. ஷீ இஸ் நாட் ஈட்டிங்."

ஈரத் தலையோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள் சின்னவள். எத்தனை வருஷமாகத் தமிழில் திறக்காத கதவு இது! தமிழில் அவளைப் பற்றி நினைத்தாலே 'போயிட்டா' என்ற சொல் முன்னால் வந்து நின்றுகொள்ளும். இங்கிலீஷில் அந்தச் சேதியை இவளுக்கு யாரும் சொல்லவில்லையே. "ஷீ இஸ்" என்றால் இருக்கிறாள். அவ்வளவுதான்.

"அடிப்பாவி! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்த இந்த இங்கிலீஷை?" என்றாள் கண்ணாடி.

அதற்குப் பிறகு இஸ்திரி சாயங்காலத்துக்காகவே வேலைக்குப் போய் வந்தாள். மெஷினுக்கு விரிப்பைக் கொடுத்துக்கொண்டே அன்றைக்குச் சொல்ல வேண்டிய வாக்கியங்களை முணுமுணுப்பாள். கட்டில்காரி நகம் கடித்தாள். அக்காவின் தாவணியைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டாள். மருந்து குடிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள். எல்லாம் "இஸ்", எல்லாம் "இப்போது". யாருடைய கதை என்று மற்ற இருவருக்கும் அவள் சொல்லவில்லை. சொன்னால் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். தமிழில் சொன்னால் சின்னவள் செத்துவிடுவாள்.

கொஞ்ச நாளில் டிக்கெட் அந்தக் கட்டிலில் துணி போடுவதை நிறுத்தினாள். "கை வர மாட்டேங்குதுக்கா. யாரோ உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு." அப்புறம் ஒருநாள் காலையில், முதல் பஸ்ஸுக்கு ஜன்னல் திறக்கப் போக வேண்டியவள், பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அங்கேர்ந்து இருமல் கேட்டுச்சு. காதால கேட்டேன்."

"கீழ அச்சாபீஸ்ல எவனாவது இருமியிருப்பான். போய் முகத்தைக் கழுவு" என்றாள் கண்ணாடி. ஆனால் அவளும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள்.

இஸ்திரி மட்டும் டிக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருமினா? வறட்டு இருமலா? ஒரு தடவையா, விட்டு விட்டா?"

"என்னக்கா நீ, பயமுறுத்துற!"

அன்றிலிருந்து இஸ்திரி விடியும் முன்பே விழித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செருமல்கூட இல்லை. ஊரான் வீட்டுப் பெண்ணுக்குக் கேட்கிறது, கூடப்பிறந்தவளுக்குக் கேட்கக் கூடாதா? அவளுக்கு டிக்கெட் மேல் எரிச்சலாக வந்தது. பொறாமை என்றே சொல்லலாம். 'என்னோடதானே ஒரே பாயில படுத்த? எனக்கு ஒரு தடவை இருமிக் காட்டினா என்னடி?' என்று இருட்டுக்குள் மனசால் கெஞ்சுவாள். இரும்புக் கட்டில் இரும்புக் கட்டிலாகவே இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாடம் வந்தது. கண்ணாடி பக்கத்தைப் புரட்டி, தலைப்பைப் படித்து, வாத்தியாரம்மா மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பாஸ்ட் டென்ஸ். அதாவது, இறந்த காலம். 'இஸ்' எல்லாம் 'வாஸ்' ஆயிடும். நம்ம கட்டில்காரியை வெச்சே செய்வோம். இஸ்திரி, நீ ஆரம்பி. ஷீ வாஸ்..."

"ஷீ இஸ்" என்றாள் இஸ்திரி.

"வாஸ்டி."

"இஸ்."

"பாடத்துல அப்படித்தான் போட்டிருக்கு. எனக்கென்ன வேண்டுதலா?"

"பாடத்தைத் தூக்கிக் குப்பையில போடு. அவளுக்கு இறந்த காலம் வேண்டாம்."

"இதென்னடி கூத்து! இல்லாத ஒருத்திக்காக இவ்வளவு பிடிவாதமா?"

"யாருடி இல்லாதவ?" கையிலிருந்த தட்டைத் தரையில் அடித்தாள் இஸ்திரி. "அவ என் தங்கச்சிடி!"

தமிழில் சொல்லிவிட்டாள். தட்டு சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. டிக்கெட்டின் பார்வை மெல்ல நாலாவது கட்டிலுக்குப் போய், பயந்து திரும்பி வந்தது. எப்போது, என்ன ஆயிற்று என்று கண்ணாடி கேட்டாள். இஸ்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர்களே புரிந்துகொண்டார்கள்.

மறுநாள் அவள் வந்தபோது காய் நறுக்கி வைத்திருந்தது. புத்தகத்தைக் காணோம். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. பவர் இல்லாத மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி நாலாவது கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்: "ஷீ இஸ் ஹேப்பி. ஷீ இஸ் ஸ்மைலிங்."

"ஷீ இஸ் ஈட்டிங் வெல்" என்றாள் டிக்கெட், பயத்தை விழுங்கிக்கொண்டு. "ஷீ இஸ் டால். ஷீ இஸ் ஃபேர். ஷீ இஸ் லவ்விங் ஹர் சிஸ்டர்."

நல்ல மனசுதான். அவர்களைக் குறை சொல்ல வாய் வராது. தினமும் மறக்காமல் சொன்னார்கள். கட்டில்காரி சிரித்தாள், சாப்பிட்டாள், அக்காவைக் கும்பிட்டாள், நாளுக்கு நாள் உயரமாக வளர்ந்தாள். இஸ்திரி முதலில் நன்றியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் பயம் வந்தது. மெஷின் முன்னால் நின்று சின்னவளை நினைத்தால், ஈரத் தலையும் உம்மென்ற முகமும் வரவில்லை. காலண்டர் படத்தில் இருப்பவள்போல யாரோ ஒருத்தி வந்து பல் தெரியச் சிரித்தாள். கடித்த நகங்களைத் தேடினாள். மருதாணி போட்ட விரல்கள் வந்தன. கடைசி முகத்தைத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மிச்சமிருந்த முகமும் போய்க்கொண்டிருந்தது. நினைப்பு எங்கோ போக, விரல் உருளைக்குப் பக்கத்தில் போய்விட்டது. எதிரில் நின்றவள் கத்தியதால் பிழைத்தாள்.

அன்று சாயங்காலம் டிக்கெட் ஆரம்பித்தாள். "ஷீ இஸ் வெரி குட் கேர்ள். ஷீ இஸ் சிங்கிங்..."

"நோ" என்றாள் இஸ்திரி.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இஸ்திரிக்குத் தமிழ் வரவில்லை, அந்தப் பூட்டுக்கு அவளிடம் சாவி இல்லை. இங்கிலீஷ்தான் வந்தது.

"ஷீ வாஸ் நாட் லைக் தட்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தச் சிரிக்கிறவள் திரும்ப வந்துவிடுவாள்.

"ஷீ வாஸ் ஷார்ட். வெரி ஷார்ட். ஷீ வாஸ் பிளாக், லைக் மீ. ஷீ காண்ட் சிங், நோ, ஷீ... சிங்கிங் வாஸ் லைக் டாங்க்கி. ஷீ பைட்டட் மீ. ஹியர்." முழங்கையைக் காட்டினாள். "ஷீ ஸ்டோல் மை டிரஸ். ஷீ வாஸ் ஆல்வேஸ் ஆங்ரி. ஐ வாஸ் ஃபீடிங். ஒன்லி மை ஹேண்ட், ஷீ வாஸ் ஈட்டிங்."

கண்ணாடி எதையும் திருத்தவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஷீ டைடு" என்றாள் இஸ்திரி. அந்தச் சொல்லை எந்த மொழியிலும் அவள் அதுவரை சொன்னதில்லை. "அம்மா டோல்ட் மீ. ஷீ வாஸ் காலிங். ஹோல் டே. அக்கா, அக்கா, அக்கா. ஐ வாஸ் நாட் தேர்."

டிக்கெட் அழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடி எழுந்து வந்து இஸ்திரியின் தோளைப் பிடித்தாள்.

"அவ பேரு என்னடி?" என்று தமிழில் கேட்டாள்.

இஸ்திரி வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு சொன்னாள். வீட்டில் யாரும் எடுக்காத பெயர், சின்னப் பெயர், கூப்பிட வாகான பெயர். ஒரு தடவை சொன்னதும் வாய் நிற்கவில்லை. சொல்லிக்கொண்டே எழுந்தாள். சொல்லிக்கொண்டே அறையைக் கடந்து, அத்தனை நாளும் யாரும் தொடாத நாலாவது கட்டிலின் விளிம்பில் போய் உட்கார்ந்து, வெறும் விரிப்பைத் தடவிக்கொடுத்தாள்.

"வந்துட்டேன்டி" என்றாள். "அக்கா வந்துட்டேன்."