ஓ.டி. பார்க்காத மருந்து

"எதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள், விட்டுவிடுங்கள்" என்று போன வாரம் இதே பத்தியில் உருகியிருந்தேன் அல்லவா? அதை எழுதிய ஆசாமி இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நாயின் மூத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரகடம் சாலையில் நடந்தான்.

நாயின் பெயர் ஓ.டி., அதாவது ஓவர்டைம். எங்கள் வடக்குப்பட்டுத் தெருவில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிக்காரர்கள் வைத்தது. எல்லோருக்கும் ஷிப்ட் முடியும், இதற்கு மட்டும் முடியாது.

பின்னங்காலைத் தகரம் கிழித்துச் சீழ் வைத்துவிட்டது. காய்ச்சல். இரண்டு நாளாக பிஸ்கட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை.

கால்நடை டாக்டரம்மா தொடையில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். "அஞ்சு நாள் தொடர்ந்து கூட்டிட்டு வரணும் சார்."

அது கத்திய கத்தலில் எனக்குத்தான் மயக்கம் வந்தது. இன்னும் நாலு ஊசியா? உள்ளே போன மருந்தைச் சிந்தாமல் காப்பாற்றினால் போதாதா?

வெளியே வந்ததும் முதல் கம்பத்தில் காலைத் தூக்கியது. ஐயோ... மருந்து போகிறதே! அப்படியே அள்ளிக்கொண்டேன். அடுத்த கம்பம், கம்பெனி பஸ் டயர் — எங்கும் இறக்கிவிடவில்லை.

டீக்கடை அக்கா பார்த்துவிட்டார். "இன்னா சார், புள்ள மாதிரி தூக்கிகினு போற?"

"கீழே விட்டா யூரின்ல மருந்து போயிடும்க்கா."

"அப்ப மூக்கையும் பொத்திக்கோ. மூச்சுல போயிடப் போவுது!"

வீட்டு வாசலில் ஓ.டி. முனகத் தொடங்கியது. வயிறு கல்லாக இருந்தது. பயந்துபோய் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

"மொதல்ல கீழ விடுங்க சார்! அடக்கி வெச்சா வேற சீக்கு வரும். ஊசி போட்ட சதையில இருந்து மருந்து ரத்தத்துல கலந்து புண்ணுக்குப் போவுது. அப்புறம் கிட்னி அதை யூரின்ல தள்ளிடுது. அங்க வந்துட்டா அது ஷிப்ட் முடிச்ச மருந்து. கேட்டைப் பூட்டினா திரும்ப லைனுக்குப் போவாது. நாளைக்கு அடுத்த ஷிப்ட் வந்தே ஆகணும். உங்க நாய் ஓ.டி. பார்க்கும் சார்... மருந்து பார்க்காது."

இறக்கிவிட்டேன். என் செருப்பின் மேலேயே... கமா இல்லாத, முற்றுப்புள்ளி இல்லாத ஒரே வாக்கியம். நானே அவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். நாலாவது ஊசி போட்டு வந்த அன்று ஓ.டி. பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது.

'விட்டுவிடுங்கள்' பத்தியைப் பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஓ.டி.யிடமிருந்து மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை.