அறுபடாத கயிறு

இதை எங்கள் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அவர் கொட்டாவி விட்டது எனக்கே கேட்டது. படகில் கள் இருந்ததா என்று கேட்டார். அன்று படகில் குடிதண்ணீரே பாதிக் குடம்தான் இருந்தது. அந்த இரவு படகோடு திரும்பிய எல்லோரும் இன்றும் லெம்பாட்டா தீவில், எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒரே கதையைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

என் பெயர் லியூஸ். ஏழு வருஷம் கடல் தாண்டிப் போய், சபாவில் செம்பனைத் தோட்டத்தில் கூலியாக இருந்தேன். என் அண்ணன் கோபுஸ் கடலில் போன செய்தி கேட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

எங்கள் ஊரில் விளைகிற நிலம் கிடையாது. திமிங்கிலம் கிடைத்தால் ஊர் சாப்பிடும். நாங்கள் அதை மீன் என்றுதான் சொல்வோம். அதன் கருவாட்டைக் கொடுத்து மலைக்காரர்களிடம் சோளம் வாங்கும். படகின் மூக்கில், அணியத்தில், மூங்கில் பலகைமேல் ஒருவன் ஈட்டியோடு நிற்பான். எங்கள் படகில் அவன் பெயர் கோரிஸ்.

தரையில் கோரிஸைப் பார்த்தால் ஒரு ஆளாகவே தெரியாது. கோழிக்கு வழிவிட்டு நடப்பான். அவன் பெண்டாட்டி பெனி திட்டினால் தலையைக் குனிந்துகொள்வான். அணியத்தில் ஏறிவிட்டால் வேறு ஆள். அப்போது ஊரே அவன் முதுகைப் பார்த்துத்தான் மூச்சு விடும். கள் இறங்கினால் ஒரே பேச்சுதான் பேசுவான். "என் படகுல கயிறு அறுபட்டதா சரித்திரமே இல்ல."

அண்ணன் செத்தது அந்தக் கயிற்றில்தான். போன பருவத்தில் ஈட்டி பாய்ந்த மீன் முங்கியது. ஈட்டியில் கட்டி, படகுக்குள் சுருட்டி வைத்த கயிறு சீறிக்கொண்டு ஓடியது. அதில் ஒரு சுருள் அண்ணன் கணுக்காலைப் பிடித்தது. அணியத்தில் நின்ற கோரிஸ் இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும். இதற்காகவே இருக்கிற கத்தி. அங்கே கயிற்றை அறுத்தால் மீன் போய்விடும், ஆள் தப்புவான். கத்தியை உருவினேன், கை நழுவிக் கடலில் விழுந்துவிட்டது என்று கோரிஸ் சொன்னான். மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். படகு ஒரே குலுக்காகக் குலுங்கி எல்லோரும் குப்புற விழுந்து கிடந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை.

மீன் கரைக்கு வந்தது. அண்ணன் வரவில்லை. வழக்கப்படி கடல்சிப்பி ஒன்றைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். விதவையின் பங்கைக் கோரிஸே தோளில் சுமந்து வந்து தேதே அண்ணி வாசலில் இறக்கினானாம்.

"இந்தாம்மா, உன் புருஷன் சம்பாதிச்சது."

அண்ணி அந்த இறைச்சியைத் தொடவில்லை. "கத்தி எங்கண்ணே?" என்று மட்டும் கேட்டாளாம். கடலில் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அந்தக் கத்தி நிஜமாகவே விழுந்ததா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகவே அண்ணன் உட்கார்ந்த இடத்தில் நான் உட்காரக் கேட்டேன். சுக்கான் பிடிக்கிற புரா பெரியப்பா தயங்கினார். கோரிஸ் சிரித்தான்.

"வரட்டும் பெரியப்பா. தோட்டக்காரனுக்குக் கடல்னா என்னான்னு காட்டுவோம்."

அண்ணி என்னைத் தடுக்கவில்லை. அவள் போக்கே எனக்குப் புரியவில்லை. கோரிஸ் வீட்டுக் கூரை வேய ஊர்ப்பெண்கள் போனபோது அவளும் போனாள். நாள் முழுக்க ஏணிமேல் நின்று ஓலை செருகிக் கட்டினாள். மன்னித்துவிட்டாள், எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் மெச்சியது. எனக்கு வயிறு எரிந்தது.

பருவம் தொடங்குவதற்கு முந்தின மாலை, கடலில் போனவர்களுக்காகப் பூசை நடக்கும். வீட்டுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றித் தண்ணீரில் விடுவோம். மற்றவர்கள் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அண்ணி மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அந்தச் சுடரிடம் வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பருவத்தின் முதல் வாரம். பிற்பகல் இரண்டு மணி. "பலேயோ!" என்று கரையில் கத்தல் எழுந்தது. மீன் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். படகைத் தள்ளினோம்.

என் இடம் ஈரமாக இருந்தது.

படகு எட்டு மாதமாகக் கொட்டகையில் கிடந்தது. மற்ற பலகைகள் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. என் பலகை மட்டும் நனைந்திருந்தது. கையால் துடைத்தேன். சற்று நேரத்தில் மறுபடியும் ஈரம்.

துடுப்புப் போட ஆரம்பித்தோம். பழகின கைகள், எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழும். ஒன்றாகத்தான் விழுந்தன. அதற்குப் பிறகு, கொஞ்சம் தாமதமாக, இன்னொரு துடுப்பு.

சளக்.

நான் புதியவன், என் கைதான் பிந்துகிறது என்று நினைத்தேன். துடுப்பைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எல்லோரும் போட்டார்கள். பிறகு...

சளக்.

எனக்கு முன்னால் இருந்தவனின் பிடரி மயிர் நட்டுக்கொண்டு நின்றது. அவனுக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் கடலில் செத்தவன் பெயரைப் படகில் சொல்லக் கூடாது.

மீனை நெருங்கினோம். கோரிஸ் பலகை நுனியில் கால்விரலை ஊன்றினான். ஈட்டியோடு பாய்ந்தான். அவன் உடம்பு முழுக்க அந்த ஈட்டியின் பின்னால் போனது. கறுத்த முதுகில் ஈட்டி இறங்கியது. அவன் தண்ணீரில் விழுந்து, நீந்தி, சிரித்துக்கொண்டே ஏறி வந்தான்.

கயிறு ஓடியது. பிறகு விறைத்து நின்றது. படகு மீனின் பின்னால் பாய்ந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் நான் அண்ணனை மறந்தேன், கத்தியை மறந்தேன். கயிற்றைப் பிடித்தால் மீனின் இதயம் உள்ளங்கையில் அடிக்கிறது. தோட்டத்தில் ஏழு வருஷம் பனங்குலை சுமந்தேன். ஒரு குலைகூட என்னைத் திருப்பி இழுத்ததில்லை. இங்கே நாம் அதைப் பிடிக்கிறோம், அதுவும் நம்மைப் பிடிக்கிறது. இதற்காகத்தான் கடலுக்குப் போகிறோம். இறைச்சிக்கு என்பதெல்லாம் வீட்டில் சொல்கிற சமாதானம். அணியத்தில் நின்றவனின் முகத்தைப் பார்த்தேன். குழந்தை முகம். அவனை வெறுக்க வந்த எனக்கு, அந்த இடத்தில் நானே நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசைக்காக இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சூரியன் இறங்கியது. தீவு மறைந்தது. மீன் இழுத்துக்கொண்டே போனது. துடுப்புகளை எல்லாம் படகுக்குள் எடுத்து வைத்துவிட்டோம்.

இருட்டில் எல்லோரும் ஜெபமாலை உருட்டினார்கள்.

சளக்.

ஜெபம் நின்றது.

சளக்... சளக்...

படகோடு யாரோ துடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவசரமே இல்லாமல்.

"மீன் வாலு அடிக்குது" என்றான் கோரிஸ். மீன் வெகுதூரம் முன்னால் இருந்தது. அவன் குரல் தரையில் கேட்கிற குரலாகிவிட்டது.

என் கடிகார முள் இருட்டில் மினுங்கும். எட்டு மணி பத்து நிமிஷம். என் காலடியில், படகுக்கு வெளியே, கீழேயிருந்து...

டொக்.

காலைத் தூக்கிக்கொண்டேன்.

டொக். அடுத்த பலகைக்குக் கீழே.

டொக். அதற்கு முன்னால்.

ஒவ்வொருவர் காலடியாகத் தட்டிக்கொண்டு, அது அணியத்தை நோக்கிப் போனது. கோரிஸ் காலடிக்குப் போய் நின்றுவிட்டது.

அதே நேரம் கயிறு தளர்ந்தது.

மீன் களைத்துவிட்டது, இழுங்கள் என்றார் பெரியப்பா. இழுத்தோம். கயிறு சில்லென்று இருந்தது. பாதிக் கயிறு படகுக்குள் வந்திருக்கும். கயிற்றின் நடுவில், முடிச்சுப் போட்டுக் கட்டி, ஏதோ வந்தது. பெரியப்பா விளக்கை ஏற்றிப் பிடித்தார்.

கத்தி.

எருமைக்கொம்புப் பிடி. பிடியில் சூடு போட்ட சிலுவை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கோரிஸ் கத்தி.

அந்த முடிச்சும் எனக்குத் தெரியும். ஆடு கட்ட அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இரட்டைச் சுற்று, உள்பக்கம் ஒரு மடிப்பு. வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

பெரியப்பா அழுதுவிட்டார். "கடலே திருப்பிக் குடுத்திருச்சுடா. நீ பொய் சொல்லலைன்னு காட்டிருச்சு." மற்றவர்களும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கோரிஸை இதுவரை மனசுக்குள் சந்தேகப்பட்டவர்கள் அவன் முதுகைத் தட்டினார்கள். எனக்கும் மாரில் இருந்த கல் இறங்கியது. கத்தி நிஜமாகவே விழுந்திருக்கிறது. அண்ணன் விதி அவ்வளவுதான்.

கோரிஸ் மட்டும் அதைத் தொடாமல் பின்வாங்கினான். "இது இல்ல... இது வர முடியாது" என்று முணுமுணுத்தான். ஆனால் முடிச்சை அவிழ்த்துக் கத்தியைக் கையில் எடுத்தான்.

கயிறு விறைத்தது.

இழுத்துப் போட்டிருந்த கயிறு முழுக்கச் சீறிக்கொண்டு ஓடியது. ஒரு சுருள் எழுந்தது.

அவன் கணுக்கால்.

விழுந்தான். பலகையை ஒரு கையால் கட்டிக்கொண்டான்.

கத்தி கையிலேயே இருந்தது.

அறுத்தான்.

ஒரு நொடி யோசிக்கவில்லை. மீன், பெயர், சரித்திரம், எதையும் நினைக்கவில்லை. வெறி பிடித்தவன் மாதிரி அறுத்தான்.

சரக்... சரக்... சரக்...

கயிறு அறவில்லை.

"அறுக்க மாட்டேங்குதுடா... லியூஸு..."

என் பெயரைத்தான் சொன்னான். எட்டிப் பிடித்தேன். கை நனைந்திருந்தது. நழுவியது.

கத்தி படகுக்குள் விழுந்தது.

அவன் வெளியே.

கத்தலே இல்லை. ஒரு தடவை தண்ணீர் மூடிக்கொண்ட சத்தம். அவ்வளவுதான்.

பிறகு கயிறு மறுபடியும் தளர்ந்தது. இழுத்துப் பார்த்தோம். அவன் அதில் இல்லை. விளக்குப் பிடித்து அறுத்த இடத்தைத் தேடினோம். ஒரு நார்கூடப் பிரியவில்லை. கத்தி மழுங்கிவிட்டதா என்று பெரியப்பா அதன் வாயைத் தடவினார். பெருவிரல் பிளந்து ரத்தம் கொட்டியது.

விடியும்போது மீன் செத்து மிதந்தது. அதைக் கட்டி இழுத்துக்கொண்டு துடுப்புப் போட்டோம். எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழுந்தன. பிறகு தாமதமாக...

சளக். சளக்.

இப்போது இரண்டு.

கரையில் மீனை அறுத்துப் பங்கு வைத்தார்கள். இன்னொரு சிப்பியைப் புதைத்தோம். பெனிக்கு உரிய விதவைப் பங்கை யார் கொண்டுபோவது என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேதே அண்ணி தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன்.

"இந்தா பெனி, உன் புருஷன் சம்பாதிச்சது."

பெனி அழவில்லை. அண்ணி போகும்வரை காத்திருந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கத்தி கயிற்றில் கட்டி வந்ததாகச் சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டாள். ஆமாம், கடலிலிருந்துதான் வந்தது என்றேன்.

"அது கடல்ல விழவே இல்ல, லியூஸு."

போன வருஷம் அண்ணன் செத்த அன்றைக்கே கோரிஸ் அதைத் துணியில் சுற்றிக் கூரை ஓலைக்குள் செருகி வைத்திருந்தான். படகில் அவன் அதை இடுப்பிலிருந்து உருவவே இல்லை. பெரிய மீன், விட மனசு வரவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். நாங்கள் படகு தள்ளிய அன்று காலையிலும் அவள் அந்தப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். உள்ளே கத்தி இருந்தது.

அன்று இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, கூரையிலிருந்து பாயில் சொட்டுச் சொட்டாக விழுந்ததாம். எங்கள் வீடுகளில் திமிங்கில இறைச்சி தொங்கினால் எண்ணெய் சொட்டும், அதை யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் பருவமே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, எந்த வீட்டிலும் இறைச்சி இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. ஏறிப் பார்த்தாள். துணி இருந்தது. பிழிந்தால் கடல்தண்ணீர் வந்தது. கத்தி இல்லை.

அவளை அறையக் கை எழுந்தது. ஒரு வருஷம் அந்தக் கத்திக்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறாள். வெளியே வந்தேன்.

நேரே அண்ணியிடம் ஓடினேன். அவள் வாசலில் மூங்கில் கழியில் இறைச்சித் துண்டங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் தொடாதவள், இந்த வருஷம் ஆசையாகத் தொங்கவிட்டாள். எல்லாவற்றையும் மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் தம்பி. கூரை வேயப் போனப்ப கையில தட்டுப்பட்டுச்சு."

ஏன் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊருக்கு எதுக்கு? மெழுகுவத்தி விட்டன்னிக்கு உங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். எந்த ஓலைக்கு அடியில இருக்குன்னு."

அடுத்த துண்டத்தைக் கழியில் மாட்டினாள். எண்ணெய் சொட்டியது. அணியத்தில் இனி என்னைத்தான் நிற்கச் சொல்கிறார்களாமே என்று விசாரித்தாள். ஆமாம் என்றேன். போவாயா என்றாள். போவேன் என்று என் வாய் சொல்லிவிட்டது.

"போ. கயித்துல யாராவது மாட்டினா மட்டும் அறுத்துரு தம்பி. அவரு பக்கத்துலயேதான் வர்றாரு."