வெறும் வயிற்றில் ஊசி கூடாது

அன்று காலை மாட்டாஸ்பத்திரி வாசலில் நான் இருந்தேன், ஒன்பது வயதுத் தங்கை இருந்தாள், அவள் மடியில் மூடிய மீன்கூடைக்குள் பூனைக்குட்டி இருந்தது. நான்கு நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். மளிகைக்கடை பாய் தன் கடைப் பூனையைச் சாக்குப் பையில் போட்டுத் தூக்கி வந்திருந்தார். அப்பா வரவில்லை, விடியும் முன்னே கடலுக்குப் போய்விட்டார். அம்மாவும் வரவில்லை. வரமாட்டேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

குட்டி மெட்ராஸ் கப்பலில் பிறந்தது. எங்கள் தீவின் சாத்தம் ஜெட்டியில், கப்பலில் வேலை பார்க்கும் ஒரு கலாசி அதைத் தங்கையின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மின்னி பேயில் எங்கள் வீடு வரைக்கும் பாவாடையில் பொதிந்து கொண்டுவந்தவளை அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"மெயின்லேண்டுப் பூனையா? எந்த நாய் கடிச்சதோ, எது நக்குனதோ! உள்ள வரப்பிடாது."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் தம்பி மெயின்லேண்டில், சொந்த ஊரில் வெறிநாய் கடித்துச் செத்தவர். கடைசி நாளில் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தே அலறினாராம். அம்மா அதை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

நான் பள்ளி முடித்து வேலைக்குக் காத்திருந்த நேரம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் எதையும் விளக்கிச் சொல்லும் பொறுப்பு தானாகவே எனக்கு வந்து சேர்ந்திருந்தது. "பூனைக்கு முன்னாடியே போட்டு வைக்கிற ஊசி இருக்கும்மா. போட்டா அந்த நோய் வராது" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் குட்டியையே பார்த்தாள். "போட்டுட்டு வா. இல்லேன்னா அடுத்த கப்பல்ல திருப்பி ஏத்தி விட்டுரு." அதுவரை குட்டி கோழிக்கூட்டில்.

ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர் முதலில் மறுத்துவிட்டார். மருந்து தூளாக சீசாவில் வருகிறது. தண்ணீர் கலந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஒரு குட்டிக்காக சீசாவைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. "பாஞ்ச் சே ஜான்வர் லாவோ" என்றார். ஐந்தாறு பிராணிகளைச் சேர்த்துக்கொண்டு வா, திறக்கிறேன்.

நான் வீடு வீடாகப் போனேன். "என் பூனை எலியைக் கடிக்கிறதோட சரி, தம்பி. அதுக்கு எதுக்கு ஊசி?" என்றார் பாய். நாய்க்காரர்களும் ஏறக்குறைய அதையே தெலுங்கிலும் இந்தியிலும் சொன்னார்கள். கடைசியில் டீயும் பன்னும் வாங்கித் தருவதாகச் சொன்ன பிறகுதான் வந்தார்கள். எல்லாரும் ஆஸ்பத்திரியில் கூடிய அன்றைக்கு மறுநாள் கப்பல் புறப்படுவதாக இருந்தது.

டாக்டர் மருந்தைக் கலந்தார். நாய்களுக்குப் போட்டார், பாயின் பூனைக்குப் போட்டார். எங்கள் முறை வந்தது. தங்கை கூடையைத் திறந்து குட்டியை மேசைமேல் விட்டாள். அது இரண்டடி நடந்து, முதுகை வளைத்து, வாந்தி எடுத்தது.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "பீமார் ஹை." நோயுள்ள பிராணிக்குப் போட மாட்டேன், தேறின பிறகு கொண்டு வா.

தேறுவதற்குள் கப்பல் போய்விடும். போகும்போது குட்டியும் அதில் போகும். தங்கை அழவில்லை. கூடையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், படித்தவன் ஏதாவது சொல்வான் என்பதுபோல.

நான் வெட்கத்தில் தலை குனிந்தேன். அப்போதுதான் வாந்தியில் கிடந்தது கண்ணில் பட்டது. பாதி மென்ற நெத்திலி, மஞ்சளும் மிளகாயுமாகச் சிவந்திருந்தது. கூடைக்குள் கைவிட்டேன். அடியில் வாழையிலைக் கிழிசலில் இன்னும் இரண்டு.

"நீ வச்சியா?"

"இல்லண்ணே, சத்தியமா இல்ல."

சின்ன வயதில் எங்களுக்கு அம்மை குத்த ஆள் வரும் நாளில் அம்மா முதல் வேலையாகச் சோற்றைப் பிசைந்து வாயில் திணிப்பாள். வெறும் வயிற்றில் ஊசி போட்டால் மயங்கி விழுந்துவிடுவோம் என்பது அவள் பயம்.

"டாக்டர் சாப், பீமார் நஹி" என்றேன். "மிர்ச்சி!" நோயில்லை, மிளகாய்.

அவர் இலையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "கிஸ்னே கிலாயா?"

யார் தின்னக் கொடுத்தது என்று கேட்கிறார். "அம்மா" என்றேன்.

பாய் சாக்குப் பையோடு எட்டிப் பார்த்தார். "உங்கம்மா காரத்துக்கு நாய்க்கே வெறி அடங்கிரும், தம்பி. ஊசி எதுக்கு?"

டாக்டர் சிரித்தார், ஆனாலும் விட்டுவிடவில்லை. கண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். குட்டி அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடிக்கத் தாவிய பிறகு தொடையில் ஊசியைக் குத்தினார். மருந்து வேலை செய்ய மூன்று வாரம் ஆகும், அதுவரை ஜாக்கிரதை என்றும் சொன்னார்.

வழி முழுக்க அந்த மூன்று வாரம்தான் என் மண்டைக்குள் ஓடியது. சொன்னால் அம்மா குட்டியை அனுப்பிவிடுவாளோ? சொல்லாவிட்டால் அவள் என் படிப்பை நம்பியதற்கு என்ன அர்த்தம்?

அம்மா வாசலில் நின்றிருந்தாள். "கத்துச்சா?" என்றாள்.

"யம்மா, நீதான நெத்திலி வச்ச?" என்றாள் தங்கை.

"பின்ன? வெறும் வயித்துல எப்பிடி அனுப்ப?"

நான் மூன்று வாரத்தைச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது. கூடையை எட்டிப் பார்த்தாள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. "அதுவரைக்கும் அது தண்ணி குடிக்குதா இல்லையான்னு யாருல பாக்கிறது? கோழிக்கூட்டுல கெடந்தா என் கண்ணுல படுமா?" என்றாள்.

ஒரு சிரட்டையில் தண்ணீர் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். குட்டியைத் தொடவில்லை. கூடையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் சிரட்டைக்கு அருகில் சாய்த்து வைத்தாள். மறுநாள் கப்பல் ஊதியபோது அது அங்கேதான் இருந்தது. அது நாக்கை நீட்டித் தண்ணீரை நக்கும்போதெல்லாம் அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வாரம் கழிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஊசிக்குக் காசு வாங்கவில்லை. நாய்க்காரர்களுக்கும் பாய்க்கும் எங்களுக்கும் டீ, பன். டீக்கடையில் வைத்த கடனை மீன் விற்ற காசிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தாள். மொத்தம் இரண்டு ரூபாய் பத்து பைசா.