காருக்கு எடுத்த ஆரத்தி

சீகிரியாவில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் கார்களுக்கு ஒரு விழா நடந்தது. வெளிநாட்டில் பந்தயக் கார் செய்யும் ஒரு கம்பெனிக்கு அறுபது வயது நிறைந்ததாம். அதைக் கொண்டாட, அந்தக் காரை வைத்திருக்கும் பணக்காரர்கள் கொழும்பிலிருந்து வரிசையாக ஓட்டி வந்தார்கள். எல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. இவ்வளவு காசு கொட்டி வாங்கியும் கூனிக் குறுகித்தான் உள்ளே ஏற வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. என் கணவர் இருந்திருந்தால் அவருக்கும் இந்த வருடம்தான் அறுபது. எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் செய்து பார்க்க வேண்டும் என்று மகள் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நெஞ்சுவலி வந்து, மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் போய்விட்டார். கம்பெனிக்கு வாய்த்தது அவருக்கு வாய்க்கவில்லை.

அன்று காலை நான் ஓர் அறையில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மேனேஜர் தேடி வந்தார். முதலில் நிற்கும் சிவப்புக் காருக்கு ஆரத்தி எடுத்து வரவேற்க வேண்டும், இங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் நீங்கள் ஒருத்திதான் என்றார். அவர் சிங்களவர். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. புருஷனை இழந்தவளை எங்கள் ஆட்கள் ஆரத்தி எடுக்க விடமாட்டார்கள் என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

“காருக்கு அதெல்லாம் தெரியவா போகுது, அக்கா?” என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை, அவசரத்தில் சொன்னார். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. மகளின் கல்யாணத்தன்று மணமக்கள் வாசலில் வந்து நின்றபோது, நான் கரைத்து வைத்த ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவள் என் கணவரின் தங்கை. “அண்ணி, நீங்க உள்ள இருங்க. நான் எடுக்குறேன்” என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். நான் அறைக்குள் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெற்ற மகளுக்கே ஆகாதவளாகிவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தேன். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, சிவப்புக் காரின் முன்னால் தட்டைச் சுற்றினேன். பொட்டு வைக்கப் போனபோது, பெயிண்டில் கறை பிடித்துவிடும் என்று மேனேஜர் பதறினார். கண்ணாடியில் வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கெடுதலும் நடக்கவில்லை. கார்கள் இரண்டு நாள் தங்கி, ஒரு கீறல்கூட விழாமல் திரும்பிப் போயின.

போன மாதம் மகள் பிரசவம் முடிந்து, பிள்ளையோடு அலுவிகாரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். த்ரீவீலர் வாசலில் நின்றது. தட்டு என் கையில் இருந்தது. நாத்தனார் பழைய பழக்கத்தில் கையை நீட்டினாள்.

“அண்ணி...”

“காருக்கே எடுத்தவ நான். என் பேரனுக்கும் நான்தான் எடுப்பேன்” என்றேன்.

அவள் நீட்டிய கையாலேயே தீப்பெட்டியை எடுத்துக் கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

“அம்மா, சீக்கிரம் எடுங்க. புள்ளைக்கு வெயில் படுது” என்றாள் மகள்.