போ என்றால் நில்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. கூட வேலை பார்த்த ஏழு பெண்களும் ஐந்து நாட்டுக்காரர்கள். அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவள்கூட அப்படித்தான் கூப்பிட்டாள். லாரி ஓட்டும் கணவனோடு வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த அக்கா, அந்த நாட்டு மொழியில் நாலு வார்த்தை தெரியுமுன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விரிப்பை மடிக்க மொழி எதற்கு?

எதற்கு என்பது நான்காம் வருஷம் தெரிந்தது. விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளையில் ஒருத்தியின் சட்டைக்கை சிக்கிக்கொண்டது. "போ! போ!" என்று அலறினாள். சுவிட்ச் அக்கா பக்கத்தில்தான் இருந்தது. இயந்திர இரைச்சலில் அந்தப் 'போ' அவள் காதில் தமிழாகவே விழுந்தது. யாரையோ விரட்டி விளையாடுகிறாள் என்று நினைத்து, திரும்பிப் பார்த்துச் சுவிட்சைத் தட்டுவதற்குள் இரண்டு விரல்கள் வெந்துபோயின.

அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சுவிட்ச் என் பக்கத்துலதாங்க இருந்துச்சு."

"உனக்குப் புரியலைன்னா நீ என்ன பண்ணுவே?" என்றான் கணவன்.

"அவ பாஷையில போன்னா நிறுத்துன்னு அர்த்தமாம். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

மேனேஜர் சுவரில் எச்சரிக்கை ஒட்டினார். எட்டுப் பேரில் ஒருத்திக்குத்தான் அதை வாசிக்கத் தெரியும். விரல் வெந்தவள் கட்டோடு திரும்பி வந்ததும், அக்கா சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் ஒரே வார்த்தை வேண்டும் என்று பாதி பேச்சும் பாதி சைகையுமாகச் சொன்னாள். ஆளுக்கொரு வார்த்தை வந்தது. 'நிறுத்து' மற்றவர்கள் வாயில் படாத பாடு பட்டது. சுருக்கமாக இருந்தது 'போ' ஒன்றுதான். அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்ற ஆறு பேருக்கும் அது புது வார்த்தை. கஷ்டம் அக்காவுக்கு மட்டும்தான்.

வீட்டில் பழகினாள். "நீங்க போன்னு சொல்லுங்க, நான் நிக்கிறேன்."

"நான் சொல்லி நீ என்னிக்குக் கேட்டிருக்கே?" என்று சிரித்தாலும் அவனும் விடாமல் சொன்னான். ஒரு வாரம் கழித்து, ரோட்டைக் கடக்கக் காலெடுத்து வைத்தவனைப் பார்த்து "போ!" என்று கத்தினாள். அவன் போனான். கார் ஒன்று கிறீச்சிட்டு, ஒரு சாண் தள்ளி நின்றது.

"உன் சலவைக்கூடத்து பாஷைய அங்கேயே வச்சிட்டு வா தாயே!" என்றான்.

இரண்டு வருஷம் கழித்து, அக்காவின் ஏப்ரன் நாடாவை உருளை இழுத்தது. யோசிக்க நேரமில்லை. வாயில் வந்தது 'போ'தான். வேறொரு நாட்டுக்காரி பாய்ந்து சுவிட்சைத் தட்டினாள். நாடா மட்டும் கருகியது.

இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். போன மாதம் சேர்ந்தவள் அதை இந்த நாட்டு மொழி என்று நம்பி, பஸ் டிரைவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பஸ் நிற்கவில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தாள்.